ஆசிரியரும் இன்ஸ்டாகிராமும்

அன்புள்ள ஐயா,

தக்கலை அருகே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி இன்ஸ்டாகிராமில் என்னைப் பின்தொடர அனுமதி கேட்டாள், கொடுத்தேன். இப்போது இரவில் செய்தி அனுப்புகிறாள். அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், அம்மாவோடு தினமும் சண்டை. பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. சக ஆசிரியர்கள், "எதற்கு வம்பு, பிளாக் செய்துவிடுங்கள்" என்கிறார்கள். அவளுடைய அம்மாவும் நானும் ஒரே சர்ச். எங்கே கோடு போடுவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

சக ஆசிரியர்கள் சொல்வது பாதி சரி. அவளை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள், ஆனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நேற்றுவரை பதில் போட்ட டீச்சர் திடீரென்று காணாமல் போனால், தான்தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். படித்துக்கொண்டிருக்கும் மாணவர் யாரையும் இனி சேர்ப்பதில்லை என்று அவளிடம் நேரில் சொல்லுங்கள். பிறகு வகுப்பிலும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் கோடு போடுவது சிரமம்தான். வெள்ளிக்கிழமை கணக்கு எடுத்த சாரே ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியோ சமய வகுப்போ எடுப்பார், கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் இருப்பார். பள்ளிக்கு வெளியே மாணவரோடு பேசக்கூடாது என்றால் கருங்கலிலோ குலசேகரத்திலோ ஓர் ஆசிரியர் மீன் வாங்கக்கூடப் போக முடியாது. ஆனால் அந்தப் பேச்செல்லாம் நாலு பேர் காதில் விழுகிற பேச்சு. சர்ச் முற்றத்தில் அவள் உங்களிடம் அழுதால் யாராவது பார்ப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு, பார்த்ததும் மறைந்துபோகிற செய்தியில் அழுதால் யாருக்குத் தெரியும்?

உங்கள் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை வேறு. பெரியவர் ஒருவர் இரவில் தனியாக "சாப்பிட்டாயா, ஏன் தூங்கவில்லை" என்று கேட்பது சகஜம் என்று அவளுக்குப் பழகிவிடுகிறது. நாளை வேறொருவர் அதே சொற்களோடு வந்து, "நமக்குள் இருக்கட்டும்" என்று சேர்த்துச் சொன்னால் அவள் எதை வைத்துப் பிரித்தறிவாள்?

அதற்காக அவளைக் கைவிடச் சொல்லவில்லை. இரவில் செய்தி வந்தால் ஒரே பதில் போதும்: "பார்த்தேன், காலையில் ஸ்டாஃப் ரூமுக்கு வா." அங்கே இன்னொரு டீச்சரும் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காலை வரை காத்திருக்காமல் வீட்டுக்கு போன் செய்யுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுச் சண்டை ஒரு பக்கம். யாரோ தன்னிடம் தவறாக நடந்தார் என்று அவள் சொல்லிவிட்டால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. 1098 குழந்தைகள் உதவி எண் இரவிலும் இயங்குகிறது.

வகுப்புச் செய்திகளுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கட்டும், பெற்றோர் எண்களோடு, இன்னோர் ஆசிரியரும் அட்மினாக. (பாதி எண்கள் வளைகுடா எண்கள்தான். வீட்டுப்பாடத்தை அம்மாவுக்கு முன்னால் மஸ்கட்டிலிருந்து அப்பா பார்த்துவிடுவார்.) சாதாரண குரூப்பில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் கம்யூனிட்டி என்ற வசதியின் அறிவிப்புப் பிரிவில் உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது, அது மேல்.

நீங்கள் கேட்காத ஒன்று. வகுப்பில் பிள்ளைகளை ஆடவிட்டு ரீல்ஸ் போடும் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். சீருடை, பள்ளிப் பெயர், முகம் எல்லாம் ஒரே காட்சியில், கீழே முன்பின் தெரியாதவர்களின் கமெண்ட். மார்க் போடுகிற டீச்சரிடம் "நான் ஆட மாட்டேன்" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? இரவுச் செய்திக்குப் பதறுகிற ஸ்டாஃப் ரூம் இதற்கு லைக் போடுகிறது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதையும் எழுப்புங்கள். சிலர் உங்களிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.