இடிந்த கல்லைப் பார்க்க இவ்வளவு செலவா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அறுபதாம் கல்யாணத்தை மண்டபம் பிடித்துச் செய்வதற்குப் பதிலாக எங்காவது போய்வாருங்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்களே ஒரு பயணத்தையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். பால்கன் பகுதியின் பழைய நகரங்கள், ஒன்பது நாள், நான்கு நாடுகள்: குரோவேஷியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வடக்கு மாசிடோனியா. ஐந்து நட்சத்திர ஓட்டல்கள், ஏசி வண்டி, கூடவே வழிகாட்டி. தொகையைக் கேட்டதிலிருந்து என் கணவருக்குத் தூக்கம் இல்லை. "இடிந்த கல்லைப் பார்க்க இவ்வளவா? சுவிட்சர்லாந்து என்றாலாவது சரி" என்கிறார். நான் பள்ளியில் வரலாறு நடத்தியவள், எனக்கு ஆசை. ஆனால் மூட்டு வலியும் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போய்வந்தவர். பணத்துக்கு ஏற்ற பயணமா இது? அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டாயம் போய்வாருங்கள். ஆனால் அந்த அட்டவணையை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டல் அறைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். அல்பேனியாவின் பழைய நகரமான புட்ரிண்டுக்கு ஒதுக்கியிருப்பது ஒன்றேகால் மணி நேரம். அந்த ஊருக்குள் நடந்து வெளியே வரவே அது பத்தாது. இந்தப் பயணத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டு: ஒவ்வோர் ஊரிலும் போதுமான நேரம், அந்த ஊரைக் கரைத்துக் குடித்த ஒரு வழிகாட்டி. இவை இரண்டும் கிடைத்தால் கொடுத்த பணம் வீண் இல்லை. கிடைக்காவிட்டால் உங்கள் கணவர் சொல்வதுதான் நடக்கும், மூன்றாவது நாளே எல்லாக் கல்லும் ஒரே கல்லாகத் தெரியும்.

அவருடைய கேள்வி நியாயமானது. தூண் என்ன தூண், எந்த நூற்றாண்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனால் யாருக்கும் அலுத்துவிடும். அந்தப் பகுதியில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஒருவர் விட்டுப்போன கட்டடத்துக்குள் அடுத்தவர் வந்து குடியேறி, அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று வாழ்ந்தது அங்கே கண்ணெதிரே தெரிகிறது. குரோவேஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-இல் தானாகவே பதவி விலகி, கடலோரமாகக் கட்டிய மாளிகையில் வந்து தங்கினார். ஏழாம் நூற்றாண்டில் பக்கத்திலிருந்த சலோனா நகரம் அழிந்தபோது, தப்பி வந்தவர்கள் அந்த மாளிகைச் சுவர்களுக்குள் புகுந்துகொண்டார்கள். இன்றும் உள்ளே வீடுகள் இருக்கின்றன, ரோமானிய வளைவுகளுக்கு நடுவே துணி காய்கிறது.

அங்கே தேவாலயமாக இருக்கும் எண்கோணக் கட்டடம் டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிய கல்லறை. கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வேட்டையாடியவர் அவர். சலோனாவின் ஆயராக இருந்த டோம்னியஸ் அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்டார். இன்று அந்தக் கட்டடம் புனித டோம்னியஸ் பேராலயம். பேரரசரின் உடல் இருந்த கல்பேழை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. வாசலில் எகிப்திலிருந்து கொண்டுவந்த, சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட கறுப்புக் கல் ஸ்பிங்க்ஸ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, டயோக்ளீஷியனுக்கே ஆயிரத்தெழுநூறு வருடம் மூத்தது. அப்புறம் நிலவறைகள். மேலே குடியிருந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டு நூற்றாண்டுக் கணக்கில் குப்பையைக் கீழே கொட்டினார்கள். அந்தக் குப்பை அடைத்துக்கொண்டதால்தான் அறைகள் குலையாமல் தப்பின. மேலே அழிந்துபோன அரண்மனை அறைகளின் அமைப்பு இன்று அந்த நிலவறைகளை வைத்துத்தான் தெரிகிறது. உங்கள் அட்டவணை இதற்கு நகரப் பேருந்துச் சுற்றோடு சேர்த்து அரை நாள் தருகிறது. பேருந்துச் சுற்றை நீக்கச் சொல்லுங்கள், மாளிகைக்குள் பேருந்து போகாது.

புட்ரிண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அல்பேனியாவின் தென்கோடியில், கிரேக்கத் தீவான கோர்ஃபூவுக்கு எதிரே, ஓர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. போரில் அழிந்த டிராய் நகரத்திலிருந்து தப்பி வந்த ஈனியாஸ், ரோமானியர் தங்கள் மூதாதையாகக் கொண்டாடியவர், இங்கே வருவதாக ரோமானியக் கவிஞர் வர்ஜில் தன் காவியத்தில் பாடியிருக்கிறார். டிராயை இழந்த அந்நகர இளவரசர் ஹெலெனஸ் இங்கே ஒரு சின்ன டிராயைக் கட்டி வைத்திருப்பார். டிராயின் வாயில் பெயரிலேயே ஒரு வாயில், வறண்ட ஓர் ஓடைக்கு டிராயின் ஆற்றுப் பெயர். அவரோடு வாழும் ஆண்ட்ரோமகி, முதல் கணவன் ஹெக்டரின் உடல் இல்லாத கல்லறைக்கு முன் அழுதுகொண்டிருப்பாள். ஊரை இழந்தவர்கள் புதிய இடத்துக்குப் பழைய பெயர்களை வைத்துக்கொள்வது மனதை அறுக்கும் காட்சி. 1928-இல் இத்தாலிய ஆய்வாளர் லூயிஜி மரியா உகோலினி இங்கே தோண்டத் தொடங்கியதற்கும் இந்தக் காவியம் ஒரு காரணம். ஈனியாஸின் வழித்தோன்றல்களாகத் தங்களைக் காட்டிக்கொள்ள முசோலினி ஆட்சிக்கு ஆசை இருந்தது.

ஆனால் நான் அங்கே அதிக நேரம் நின்றது ஒரு சுவருக்கு முன்னால். மரங்களுக்கு நடுவே ஒரு பழைய கிரேக்க நாடக அரங்கு இருக்கிறது. நிலம் தாழ்ந்து நீர்மட்டம் ஏறியதால் மேடைப் பகுதியில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும், ஆமைகள் நீந்தும். எல்லோரும் அதைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அரங்குக்குள் நுழையும் வழியோரச் சுவரை நெருங்கிப் பாருங்கள். விரல் நகம் அளவு கிரேக்க எழுத்துகள் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை சட்டென்று பிடிபடும். அடிமைகளை விடுதலை செய்த பத்திரங்கள் அவை. பக்கத்திலேயே மருத்துவக் கடவுள் அஸ்கிலீபியஸின் கோயில். அந்தக் கடவுளை முன்வைத்து, இன்னாரை இன்னார் விடுவித்தார் என்று ஊரே கூடும் இடத்தில் பொறித்து வைத்தார்கள். நாளைக்கு எவனாவது வந்து இவள் என் அடிமை என்று கையைப் பிடித்து இழுத்தால், சுவரைக் காட்டலாம் அல்லவா? எங்கள் வழிகாட்டி, வெயில் சாயும் வரை எங்களைக் காத்திருக்க வைத்தார். உச்சி வெயிலில் அந்த எழுத்துகள் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஒன்றேகால் மணி நேரத்தில் இதெல்லாம் நடக்காது. வேறொரு குழுவின் வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தச் சுவரைத் தாண்டி நடந்தார். பின்னால் வந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் விளம்பரத் தாளின் அட்டையில் இருக்கும் வட்டமான மொசைக் தரை, புட்ரிண்டின் ஆறாம் நூற்றாண்டு ஞானஸ்நான மண்டபத்தில் உள்ளது. மயில், மான் எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் ஈரத்திலிருந்து காப்பாற்ற அதை மணல் போட்டு மூடித்தான் வைத்திருப்பார்கள், அபூர்வமாகத்தான் திறப்பார்கள். மூடி வைப்பது சரியான காரியம். அதை அட்டையில் போட்டு விற்பது சரியல்ல.

அல்பேனியாவின் துரஸ் நகரில் ஒரு ரோமானிய வட்ட அரங்கு இருக்கிறது. 1966 வரை வீடுகளுக்கு அடியில் கிடந்தது, இன்னும் ஒரு பகுதியின் மேல் வீடுகள்தான். பார்வையாளர் படிகளுக்குக் கீழே, பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் ஒரு சிற்றாலயம் அமைத்து மொசைக் பதித்திருக்கிறார்கள். அந்த ஊரிலிருந்துதான் ரோமானியரின் எக்னேஷியப் பெருவழி தொடங்கி, இன்றைய வடக்கு மாசிடோனியாவின் ஓஹ்ரித் வழியாக கிரேக்கத்தின் தெசலோனிகிக்கும் அதற்கு அப்பாலும் போனது. கோட்டைக்குள்ளேயே இன்றும் குடும்பங்கள் வாழும் அல்பேனிய ஊரான பெராத் வேறு இருக்கிறது. ஓஹ்ரித்தின் பழைய அரங்கில், இருக்கைக் கல்லில் இடம் பிடித்தவர்களின் பெயர்களைத் தேடுங்கள். குடும்பத்துக்கு இன்ன இடம் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள்.

குரோவேஷியாவின் டுப்ரோவ்நிக், மாண்டினீக்ரோவின் கோட்டோர் இரண்டும் அழகான ஊர்கள். ஆனால் இடைக்காலத்து ஊர்கள், அதுவும் கப்பல் வந்து நின்றால் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. கோட்டோர் கோட்டைக்கு 1,350 படி. உங்கள் மூட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். நானாக இருந்தால் இரண்டையும் வழியில் ஒரு மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டு, மிச்சமாகும் நாளை அல்பேனியாவுக்குக் கொடுப்பேன்.

சொகுசு என்பதை நான் குறைவாகப் பேசவில்லை. உங்கள் வயதுக்கும் முழங்காலுக்கும் அது தேவைதான். ஆனால் எங்கே தேவை என்று பாருங்கள். ஊருக்கு வெளியே நீச்சல் குளத்தோடு இருக்கும் ஓட்டலைவிட, பழைய நகரத்தின் வாசலிலேயே இருக்கும் சின்ன ஓட்டல் மேல். மதியம் அறைக்குத் திரும்பிக் காலை நீட்டிப் படுத்துவிட்டு மாலையில் மறுபடி போகலாம். புட்ரிண்டில் அரங்கு, ஞானஸ்நான மண்டபம், பெரிய தேவாலயம் மூன்றும் ஓரளவு சமதரையில்தான் இருக்கின்றன. குன்று மேலே உள்ள அருங்காட்சியகத்துக்குத்தான் ஏற வேண்டும். பெராத் கோட்டைக்கு வாசல் வரை வண்டி போகுமா என்று கேளுங்கள். உள்ளே உருண்டைக் கல் பாவிய தெரு, தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. ரப்பர் அடி போட்ட ஷூ, ஒரு கைத்தடி, இரண்டும் அவசியம்.

முகவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. குழுவோடு வண்டியில் வருகிறவர் வேறு, அந்தந்த ஊர் வழிகாட்டி வேறு. முதலாமவருக்கு ஓட்டலும் சாப்பாடும் நன்றாகத் தெரிந்திருக்கும், கல்வெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்ப்ளிட், புட்ரிண்ட், ஓஹ்ரித் மூன்றிலும் உள்ளூர் வழிகாட்டி எத்தனை மணி நேரம் உடன் இருப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். விசா விஷயமும் கவனம். குரோவேஷியா 2023 முதல், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, மற்ற மூன்று நாடுகளும் இல்லை. வெளியேறிவிட்டுத் திரும்பும் வழியில் மறுபடி ஏதாவது ஷெங்கன் நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் மல்டிபிள் என்ட்ரி விசா, அதாவது பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா, இல்லாமல் முடியாது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயில் நம் ஊர் வெயில்தான். மே மாதம் அல்லது செப்டம்பர் கடைசி நல்லது.

புட்ரிண்டுக்கு மதியம் மூன்று மணிக்கு மேல் போகும்படி, குறைந்தது நான்கு மணி நேரம் கேளுங்கள். பக்கத்தில் சரண்டாவில் இரவு தங்கினால் இது சுலபம். முகவர் திருத்திய அட்டவணையை அனுப்பியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பணம் கட்டும் முன் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் கணவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.