நோன்பு முடியும் மேசை

அன்புள்ள ஐயா,

தவக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடுதான். குருத்தோலை ஞாயிறு முதல் தண்ணீரும் இளநீரும் மட்டும். சனி இரவு ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் பாஸ்கா திருவிழிப்பு எனும் ஈஸ்டர் இரவு வழிபாடு முடிந்து வீடு திரும்ப நள்ளிரவாகிவிடும். பணிப்பெண் காத்திருந்து மட்டன் பிரியாணி பரிமாறுவார். எந்த ஜெபம் சொல்லி நோன்பை முடிப்பது?

வாசகி, தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

சாப்பிடுமுன் வழக்கமாகச் சொல்லும் ஜெபமே போதும்.

பிரியாணியைத் தொடாதீர்கள். ஒரு வாரம் பட்டினி கிடந்த உடம்பில் சோறும் இனிப்பும் மொத்தமாக இறங்கினால் இன்சுலின் எகிறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயத் துடிப்பே தடுமாறலாம். 5 நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு முதல் 2 நாள் உடம்பின் தேவையில் பாதிக்கு மேல் உணவு கொடுக்கக்கூடாது என்பது மருத்துவ வழிமுறை. 1 பங்கு அரிசிக்கு 10 பங்கு தண்ணீர், ஒரு பிடி பாசிப்பருப்பு, உப்பு; நன்றாகக் குழைந்த கஞ்சியில் அரைக் கிண்ணம். 3 மணி நேரம் கழித்து இன்னொரு அரை. மறுநாள் மோர், அவித்த முட்டை, மீன். இனிப்பான தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) கூடாது. சனிக்கு முன்பே டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீரிழிவு மருந்து எடுப்பவரானால் டாக்டரைக் கேட்காமல் இந்த நோன்பைத் தொடங்கியதே தவறு. கால் வீங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

என்னை உறுத்தியது வேறு. பணிப்பெண் நள்ளிரவு வரை காத்திருப்பார் என்று எவ்வளவு இயல்பாக எழுதிவிட்டீர்கள்! பைபிளில் எசாயா 58ஐத் திறந்து பாருங்கள். பசித்தவரோடு உணவைப் பகிரச் சொல்வது 7ஆம் வசனம். அதற்கு முன்பே, 3ஆம் வசனத்தில், நோன்பு நாளில் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று இறைவன் கேட்டுவிடுகிறார். வீட்டுக்குள் இருப்பவர் கணக்கு முதலில் தீர வேண்டும் அம்மா. உயிர்த்த ஆண்டவர் என்ன செய்தார்? இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடர்களுக்குத் திபேரியக் கடலோரம் கரி நெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்து, சாப்பிட வாருங்கள் என்றார். பரிமாறியவர் அவர்.

ஆகவே கஞ்சியைச் சனி மாலை நீங்களே வைத்து, சூடாறாத பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். அந்தப் பெண் நேரத்தோடு தூங்கட்டும். கத்தோலிக்கரானால், விரும்பினால், திருவிழிப்புக்கு உங்களோடு வரட்டும். ஈஸ்டர் ஞாயிறு அவருக்கு ஓய்வுநாள் என்றால் அதில் கைவைக்காதீர்கள். மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது 2023 முதல் இங்கே சட்டம்.

இறைச்சி ஃபிரீசரில் இருக்கட்டும். பாஸ்கா காலம் பெந்தகோஸ்து வரை 50 நாள். உடம்பு தேறியபின் ஒருநாள் நீங்கள் சமைத்து, அவரையும் மேசையில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். நோன்பில் மிச்சமான சாப்பாட்டுக் காசை மட்டும் அதுவரை வைத்திருக்காதீர்கள். திருவிழிப்புக்குப் போகும்போதே ஏழைகளுக்கான காணிக்கையில் போட்டுவிடுங்கள்.