மைதானத்திலிருந்து சில பதில்கள்

(பெண்களும் விளையாட்டும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 800 மீட்டர் ஓட்ட வீராங்கனையாக இருந்து இப்போது பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்துவரும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். பெண்கள் ஆடும் ஆட்டத்துக்குக் கூட்டம் வருவதில்லை. கூட்டம் இல்லாத இடத்தில் பணம் எப்படி வரும்? இதில் பாகுபாடு எங்கே இருக்கிறது?
— ஒரு கிரிக்கெட் ரசிகர்

கோபம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கூட்டம் வந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

1920 டிசம்பர் 26, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானம். ஆடியவர்கள் டிக் கெர் லேடீஸ். முதல் உலகப் போரின்போது வெடிகுண்டு தயாரித்த தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து அமைத்த கால்பந்து அணி அது. உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வாசலோடு திரும்பியவர்கள் இன்னும் பல ஆயிரம். அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு அல்ல, சங்கத்தில் உள்ள கிளப்புகள் எதுவும் தங்கள் மைதானத்தைப் பெண்கள் ஆடத் தரக்கூடாது என்று. பெண்கள் பூங்காக்களிலும் புல்வெளிகளிலும் ஆடிக்கொண்டார்கள். பெரிய மைதானங்களின் கதவு சுமார் ஐம்பது ஆண்டு மூடியே கிடந்தது. பிரேசிலில் 1941லிருந்து 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடச் சட்டப்படியே தடை. மேற்கு ஜெர்மனியில் 1955லிருந்து 1970 வரை சங்கத்தின் தடை.

அப்பா கூட்டிப்போன மைதானம், பள்ளியில் எந்த அணிக்காகச் சண்டை போட்டோமோ அந்த அணி, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் வீரர்களின் பெயர்கள். ரசிகர் இப்படித்தான் உருவாகிறார். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தால்தான் ஓர் அணிக்குக் கூட்டம் நிற்கும். பெண்கள் கால்பந்தில் இரண்டு தலைமுறையை வெட்டி எடுத்துவிட்டார்கள். நீங்கள் பார்ப்பது அந்த வெற்றிடத்தை.

கதவைத் திறந்த இடங்களில் என்ன ஆயிற்று? 2020 மார்ச் 8, மெல்பர்ன், பெண்கள் டி20 உலகக்கோப்பை இறுதிப் போட்டி: 86,174 பேர். 2022 ஏப்ரல், பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானம், பெண்கள் கால்பந்து ஆட்டம்: 91,648 பேர். இரண்டுமே பெரிய மைதானம், நல்ல நேரம், முறையான விளம்பரம், நேரடி ஒளிபரப்பு எல்லாம் கிடைத்த ஆட்டங்கள். பணம் கூட்டத்தைத் தேடி வரும் என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கூட்டம் எதைத் தேடி வருகிறது, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. 2022ல் ஆண்கள் கால்பந்து உலகக்கோப்பைக்கு ஃபிஃபா ஒதுக்கிய பரிசுத் தொகை 440 மில்லியன் டாலர். மறுவருஷம் பெண்களுக்கு 110 மில்லியன்.

கேள்வி: டென்னிஸில் ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று. பிறகு எப்படிச் சம பரிசு கேட்கலாம்?
— கல்லூரி மாணவர்

தம்பி, 100 மீட்டர் ஓடுபவரின் வேலை பத்து விநாடியில் முடிந்துவிடுகிறது. அதனால் 10,000 மீட்டர் ஓடுபவரைவிடக் குறைவாகக் கொடு என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டில் நேரத்தை அளந்து கூலி கொடுக்கும் வழக்கமே கிடையாது.

ஆண்கள் ஐந்து செட் ஆடுவது கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய தொடர்களில்தான். மற்ற தொடர்களில் அவர்களுக்கும் மூன்றே. 2023 ரோம் தொடரை எடுத்துக்கொள். இரு தரப்புக்கும் மூன்று செட். ஆனால் பெண்களுக்கான மொத்தப் பரிசு ஆண்களுடையதில் பாதிகூட இல்லை. செட் கணக்குதான் காரணம் என்றால் அங்கே சமமாக இருந்திருக்க வேண்டுமே?

அந்த மூன்று செட்டையும் பெண்கள் கேட்டு வாங்கவில்லை. அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் 1901 வரை பெண்கள் ஐந்து செட் இறுதி ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். சங்கத்து ஆண்கள் கூடி அதைக் குறைத்தார்கள். 1984லிருந்து 1998 வரை பெண்களின் ஆண்டு இறுதித் தொடரிலும் இறுதி ஆட்டம் ஐந்து செட்தான்.

என் பந்தயத்துக்கும் இதே கதை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். பத்திரிகைகளோ, பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று எழுதின. இறுதிப் பந்தயத்தில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தவர்கள். 800 ஓடியவர்களுக்குத் தெரியும், கடைசி நூறு மீட்டரில் தொடை கல்லாகிவிடும், கோட்டைத் தாண்டியதும் ஆணோ பெண்ணோ தரையில்தான் கிடப்பார்கள். ஆண் கிடந்தால் முழு பலத்தையும் போட்டு ஓடினான் என்று எழுதுவார்கள். பெண் கிடந்தாள் என்பதற்காக 800 மீட்டரையே எடுத்துவிட்டார்கள். 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை. நான் ஓடிய ஒவ்வொரு 800க்கும் முன்னால் அந்த 32 ஆண்டுகளை நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. 1500 மீட்டர் ஓடுகிறாள். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. "உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகிவிட்டது, நல்ல அறிகுறி" என்கிறார் பயிற்சியாளர். வாரா வாரம் எல்லார் முன்னாலும் எடை பார்த்து, இன்னும் குறைக்கச் சொல்கிறார். நம்பலாமா?
— ஒரு தாய்

நம்பாதீர்கள் அம்மா. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் மகள் சாப்பிடுவது, ஓடுவதற்கும் வளர்வதற்கும் சேர்த்துப் போதாமல் இருக்கக்கூடும். அப்படிப் போதாதபோது உடம்பு தனக்கு உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை நிறுத்தும். அப்படி நிற்பவற்றில் ஒன்று மாதவிடாய். அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு பலம் இழக்கும். எலும்பின் பலத்தில் பெரும்பகுதி சேருவது இந்த வயதில்தான். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். முழங்காலுக்குக் கீழே, பாதத்தில், ஒரே இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்று சொல்கிறாளா? ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது எலும்பில் விழும் மெல்லிய விரிசல், அப்படித்தான் தொடங்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லேயே இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே பரிசோதனை தேவை.

மருத்துவர் ரத்தத்தில் இரும்புச் சத்து, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பார்ப்பார். கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார். அது எல்லாருக்கும் செய்யும் வழக்கமான சோதனை. மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு அதிகமாக வேண்டும், ஓட்டம் கொஞ்சநாள் குறைய வேண்டும்.

அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013ல், 17 வயதில், உலக சாம்பியன்ஷிப்பில் உங்கள் மகளின் பந்தயமான 1500 மீட்டரே ஓடினார். பெரிய பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அங்கே எடையைக் குறை, இன்னும் குறை என்ற நெருக்கடி. மூன்று வருஷம் மாதவிடாய் இல்லை, ஐந்து எலும்பு முறிந்தது என்று 2019ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

நான் ஓடிய காலத்தில் ஒரு பயிற்சி முகாமில் சுவரில் அட்டவணை தொங்கும். பையன்களின் பெயருக்கு எதிரே டைம் மட்டும் இருக்கும். எங்கள் பெயருக்கு எதிரே டைமும் எடையும். காலையில் எடை பார்க்கப் போகும் முன் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். இன்று என்னிடம் ஓடும் பிள்ளைகள் யாரையும் நான் எடை பார்ப்பதில்லை. பயிற்சி டைரியில் மாதவிடாய்த் தேதியை அவர்களே குறித்துக்கொள்வார்கள். என்னிடம் காட்டுவதும் காட்டாததும் அவர்கள் விருப்பம்.

பயிற்சியாளரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மருத்துவர் அனுமதிக்கும்வரை இவள் ஓட மாட்டாள். இனி இவளை எடை பார்க்கக் கூடாது." மறுத்தால் பயிற்சியாளரை மாற்றுங்கள். 16 வயதுப் பிள்ளைக்கு ஒரு சீசன் போனால் போகட்டும். அடுத்த பத்து வருஷமும் ஓட எலும்பு வேண்டும்.

கேள்வி: பெண்களுக்குச் சின்ன உடை கொடுப்பது ஆட்டத்தின் வசதிக்காகத்தானே?
— வாசகர்

2021ல் நார்வே பெண்கள் பீச் ஹேண்ட்பால் அணி பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டு ஆடியது. அதற்கு 1,500 யூரோ அபராதம். அதே ஆட்டத்தை ஆடும் ஆண்களுக்கு ஷார்ட்ஸ்தான் விதி! அந்த வருஷக் கடைசியிலேயே விதியை மாற்றவும் செய்தார்கள். விம்பிள்டனில் வெள்ளைப் பாவாடைக்குள் அடர் நிற ஷார்ட்ஸ் போட அனுமதி கிடைத்தது 2023ல்தான். வெள்ளை ஷார்ட்ஸில் மாதவிடாய் நாளில் ஓடக் கோட்டில் நின்றிருக்கிறேன். துப்பாக்கிச் சத்தத்தில் இருக்க வேண்டிய கவனம் பின்பக்கத்தில் கறை தெரியுமோ என்பதில் இருக்கும். வசதி என்னவென்று போடுகிறவளைக் கேட்டு விதி எழுதட்டும்.

கேள்வி: வாலிபால் அணியில் ஒப்பந்தத்தில் ஆடுகிறேன். குழந்தை பெற்றுக்கொண்டால் இடம் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— 28 வயது வீராங்கனை

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். காயம்பட்டால் சம்பளம் உண்டா, எத்தனை மாதம் என்று எழுதியிருக்கும். கர்ப்பம் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், அதை இப்போதே எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ் கேட்டதும் அந்த எழுத்தைத்தான். ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்தவர். அவருடைய ஸ்பான்சரான நைக்கி நிறுவனம் புது ஒப்பந்தத்தில் முந்தைய தொகையில் 70 சதவீதம் குறைத்துத் தர முன்வந்தது. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் வேகம் குறைந்தால் தண்டிக்க மாட்டோம் என்று எழுதித் தரக் கேட்டார். தரவில்லை. 2019 மே மாதம் அதை வெளிப்படையாக எழுதினார். ஆகஸ்டில் அந்த நிறுவனம் தன் கொள்கையையே மாற்றிக்கொண்டது. குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அவர் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கினார்.

ஐஸ்லாந்தின் கால்பந்து வீராங்கனை சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர், கர்ப்ப காலத்தில் முழுச் சம்பளம் தராத தன் பிரெஞ்சு கிளப் மீது ஃபிஃபாவில் வழக்குத் தொடுத்து 82,000 யூரோவுக்கு மேல் வாங்கினார். 2021லிருந்து கால்பந்தில் குறைந்தது 14 வாரம் பேறுகால விடுப்பு உண்டு என்ற விதி இருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் விளையாட்டிலும் அந்த விதி வரும்வரை, அணியில் இருக்கும் எல்லாப் பெண்களும் சேர்ந்து கேளுங்கள். ஒருத்தியாகக் கேட்டால் அவளை மாற்றிவிடுவது சுலபம்.

கேள்வி: (பெயர் வேண்டாம்) பயிற்சியாளர் தொடும் விதம் சரியில்லை. சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள். நான் தவறாகப் புரிந்துகொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

நீ தவறாகப் புரிந்துகொள்ளவில்லை மகளே. உன் உடம்பு கூசியது என்றால் அதுவே போதும்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் லாரி நாசர் பற்றி 1990களிலேயே பிள்ளைகள் சொன்னார்கள். அது சிகிச்சைதான், நீதான் தப்பாக நினைக்கிறாய் என்று பெரியவர்கள் வாயை அடைத்தார்கள். 2016ல் முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ரேச்சல் டென்ஹாலண்டர் தன் பெயரோடு வெளியே வந்து சொன்னார். 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் அவன் முன்னால் நின்று பேசினார்கள்.

இனி அவரோடு தனியாக எந்தப் பயிற்சிக்கும் போகாதே. தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை, அருகில் யார் இருந்தார்கள் என்று இன்றே எழுதி வை. மெசேஜ் எதையும் அழிக்காதே. நகலெடுத்து, நீ நம்பும் ஒருவரிடம் கொடுத்து வை. அவர் கிளப்புக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். புகாரும் கிளப்புக்குள்ளேயே முடிந்துவிடாமல் காவல்துறைக்குப் போகட்டும். நீ தந்த முகவரிக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆண் தன்மை கொண்ட பெண்கள் ஓடுவது மற்ற பெண்களுக்கு அநியாயம் இல்லையா? பரிசோதனை செய்தால் என்ன?
— ஒரு வாசகி

எளிய பதில் இல்லாத கேள்வி. பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும், அதற்கு ஒரு வரம்பும் வேண்டும். ஆனால் இதுவரை அந்தச் சோதனைகள் பெண்களை நடத்திய விதம் கொடுமை. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினஸ் பாட்டினோ 1985ல், பெண்தானா என்று பார்க்கும் குரோமோசோம் சோதனையில் தேறவில்லை. செய்தி வெளியே கசிந்தது, பதக்கங்களும் சாதனைகளும் போயின. அவர் உடம்பு ஆண் ஹார்மோனை ஏற்கவே ஏற்காது, எந்த அனுகூலமும் இல்லை என்று நிரூபித்து 1988ல் திரும்பி வந்தார். ஆனால் இழந்த காலம் இழந்ததுதான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் சாந்தி சவுந்தரராஜன் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியை இதே போன்ற சோதனைக்குப் பின் பறித்தார்கள். அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. குரோமோசோம், பிறகு ஹார்மோன், 2025லிருந்து உலகத் தடகளத்தில் மரபணு என்று வரம்பு மாறிக்கொண்டே இருக்கிறது. எந்த வரம்பு வைத்தாலும் முடிவு அந்தப் பெண்ணுக்கும் அவள் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டும். ஊரறிய ஒரு பெண்ணின் உடம்பை விவாதிக்கும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் கிடையாது.

கேள்வி: பள்ளியில் மாலையில் மைதானம் முழுக்கப் பையன்கள்தான். பெண் பிள்ளைகள் ஓரமாக நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். "அவர்களுக்கே ஆர்வமில்லை" என்கிறார் தலைமையாசிரியர்.
— உடற்கல்வி ஆசிரியை

ஆர்வத்தைப் பற்றி அவரோடு வாதாடாதீர்கள் டீச்சர். ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, மைதானத்தின் எந்தப் பகுதி, யார் ஆடினார்கள், நல்ல பந்து யாரிடம் இருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே அவர் மேசையில் வையுங்கள். வாரத்தில் பாதி நாள் முழு மைதானமும் பெண் பிள்ளைகளுக்கு என்று எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? 13 வயதில் பல பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்குக் காரணம் இதுபோன்ற ஒன்றுதான், வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஸ்போர்ட்ஸ் பிரா பற்றி வகுப்பில் கூச்சமில்லாமல் பேசுங்கள். 1977ல் அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது அணியும் உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்துப் பார்த்துத்தான் அதை உருவாக்கினார்கள். அதுவரை வலியோடுதான் ஓடினோம்.

முதல் சில வாரம் நாலைந்து பிள்ளைகள்தான் வருவார்கள். அதைக் காட்டி மைதானத்தைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். ஒரு கல்வியாண்டு முழுக்க அந்த நேரம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நடுவில் உங்களை வேறு வேலைக்கு அனுப்பினால், போகும் முன் பெரிய வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் விசிலையும் அந்த நோட்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.