எண்ணெயில் பிரியும் அதிரச மாவு

அந்த மாவைக் கொட்டிவிட வேண்டாம். இரண்டு நாள் ஊறியும் எண்ணெயில் போட்டவுடன் அதிரசம் பிரிந்து கரைகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி மாவைச் சலித்துச் சேர்த்து, அழுத்திப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்துச் சுட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெல்லப்பாகு பதம் வருவதற்கு முன்பே இறக்கப்பட்டதுதான் காரணமாக இருக்கக்கூடும். கிண்ணத்துத் தண்ணீரில் சிறிது பாகை விட்டால், அது கரையாமல் அடியில் தங்கி, விரலால் திரட்டும்போது மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். இந்த ஒரு நிமிடக் கவனத்தில்தான் அதிரசத்தின் முழு வெற்றியும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றையும் தட்டி வைப்பதற்கு முன், நெல்லிக்காய் அளவு மாவை எடுத்துத் தட்டி, மிதமான சூட்டிலுள்ள எண்ணெயில் போட்டுப் பாருங்கள். பிரியாமல் உப்பி மேலே வந்தால் மாவு தயார். ஓரங்கள் நுரைத்து உதிர்ந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி மாவு சேர்க்கலாம்.

அதற்கு மேல் கூட்டாதீர்கள், ஏனெனில் மாவு மிகுந்தால் அதிரசம் ஆறியதும் கல்லைப் போல இறுகிவிடும், வீட்டிலுள்ள முதியவர்களால் கடிக்கவும் முடியாது. சேர்க்கும் மாவும், அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே அரைத்ததாக இருப்பது நல்லது.