மகளுக்குத் திறமை இருக்கா என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை நீங்கள் நாலு பேரும் வந்து போன பிறகு கதிரைகளை இழுத்து வைக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை பற்றிக் கதைக்க வந்த இடத்தில் அண்ணாவும் உங்கள் தம்பியும் முக்கால் மணித்தியாலம் பட்டிமன்றம் நடத்தினார்கள். பெரிய வீரர்கள் கிரிக்கெட்டிலா உதைபந்தாட்டத்திலா, முரளியா மெஸ்ஸியா என்று தொடங்கி, "எல்லாம் பிறவியில வரவேணும், எங்கட பரம்பரையில ஆர் ஓடினது?" என்று அண்ணாவும், "பத்தாயிரம் மணித்தியாலம் பயிற்சி எடுத்தா எவனும் ஓடுவான்" என்று தம்பியும் பிடித்துக்கொண்டார்கள். ஓடுகிற பிள்ளை, முழங்காலில் காய்ந்த புண்ணைச் சுரண்டிக்கொண்டு இருந்தாள்.

முதல் வழக்குக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. இரண்டு நாளில் பத்துப் போட்டி செய்கிற டெகாத்லன் வீரரைத்தான் உலகின் தலைசிறந்த மெய்வல்லுநர் என்பார்கள். 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்கர் ஜிம் தோர்ப் அதை வென்ற காலத்துப் பேச்சு அது. அவர் கையில் பந்தைக் கொடுத்து முரளி மாதிரிச் சுழற்றச் சொன்னால் என்ன செய்வார்? முரளிக்குப் பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை. அந்தக் கையால்தான் டெஸ்டில் 800 விக்கெட். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் 6 அடி 10 அங்குல உயரம் வலைப்பந்தில் பொக்கிஷம். 2019 உலகக் கிண்ணத்தில் மற்ற எவரையும் விட அதிக கோல் போட்டவர் அவர். அதே உயரத்தோடு ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆகவே எந்த விளையாட்டு பெரிது என்பதை வீட்டு விறாந்தையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் உடம்பை எந்த விளையாட்டு கேட்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

இரண்டாவது வழக்கில் இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2007இல் ஒசாக்காவில் நடந்த உலகப் போட்டி, உயரம் பாய்தல். சுவீடனின் ஸ்டெஃபான் ஹோல்ம் சின்ன வயதிலிருந்து பாய்ந்து பாய்ந்து 2004இல் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர். அவருடைய உயரம் 1.81 மீற்றர்தான், உயரம் பாய்கிறவர்களுக்குள் அது குள்ளம். பஹாமாஸின் டொனால்ட் தோமஸ் கூடைப்பந்துக்காரர். நண்பனோடு பந்தயம் பிடித்துப் பாயத் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒசாக்காவில் தோமஸ் 2.35 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார், ஹோல்முக்கு நாலாமிடம். அண்ணா இதைக் கேட்டால் துள்ளுவார். ஆனால் அந்தக் குள்ள உடம்போடு ஹோல்ம் ஒருமுறை உள்ளரங்கில் 2.40 மீற்றர் தாண்டியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள். பயிற்சி இல்லாமல் அது நடக்குமா?

இவர்கள் இருவரும் யோசிக்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது. 1990களில் வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு 20 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்து, உடம்பு எவ்வளவு ஒட்சிசன் எடுக்கிறது என்று அளந்தார்கள். சிலருக்கு ஒன்றுமே கூடவில்லை. சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வரை கூடியது. ஒரே குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கூடினார்கள். அதாவது பயிற்சியை ஏற்றுக்கொள்கிற தன்மையிலும் பிறவியின் பங்கு உண்டு. இன்று எவ்வளவு வேகம் என்பதை விட, பயிற்சிக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அது உங்கள் வீட்டிலேயே எழுதிக் கிடக்கிறது அக்கா. நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பிள்ளை தன் விஞ்ஞானக் கொப்பியின் பின்மட்டையைக் காட்டினாள். பென்சிலில் திகதி, பக்கத்தில் 200 மீற்றர் நேரம்: தையில் 30.2, மாசியில் 29.7, சித்திரையில் 29.1, ஆனியில் 28.6. மாசிக்குக் கீழே "காய்ச்சல்" என்று ஒரு குறிப்பு. ஸ்டொப்வோச் பிடித்தது சேர். கையால் அழுத்தி அளந்தது என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும். திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் காற்றும் ஒருநாள் போல இன்னொருநாள் இராது. என்றாலும் கோடு இறங்குகிறது. 16 வயதுப் பிரிவில் அவளை வெல்கிறவர்களில் பலர் முந்தி வளர்ந்த பிள்ளைகள். உங்கள் மகள் இப்போதுதான் உயர்கிறாள்.

இதில் எனக்கு ஒரு பழைய குற்ற உணர்வும் உண்டு. பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆலோசனை சொல்கிற இந்த வேலைக்கு வந்த புதிதில், கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பையன் ஒருவனை, 100 மீற்றரில் கடைசியாக வந்தான் என்பதற்காக, "உனக்கு ஓட்டம் சரிவராது, படி" என்று அனுப்பினேன். அந்தத் தோளைப் பார்த்து ஈட்டியைக் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

படிப்புக்கு வருவோம். ரியூசனை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ஓட்டத்தை நிறுத்தவும் சொல்ல மாட்டேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்துத் தந்தவர். படிப்பையும் விடவில்லை, பிறகு கோர்னெலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மகள் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தை எடுத்திருக்கிறாள், நல்லது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானப் பட்டங்கள் இருக்கின்றன. உயர்தரச் சித்தியோடு உளச்சார்புப் பரீட்சையும் வைப்பார்கள். விளையாட்டில் அசாதாரண திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடும் உண்டு. அதற்கும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி வேண்டும். சான்றிதழ்களை, வலயமட்டத்து மூன்றாமிடம் என்றாலும், ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கிழமையில் நாலு நாள் பின்னேரம் ஓடட்டும். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் இரண்டு நாளாகக் குறையுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு கைபேசி உங்கள் தலையணைக்குக் கீழே இருக்கட்டும், நித்திரையும் பயிற்சிதான். புது ஸ்பைக்ஸ் சப்பாத்துக்கு இப்போது கடன்படாதீர்கள்.

கார்த்திகையில் அந்தக் கொப்பியோடு திரும்ப வாருங்கள். பிள்ளையும் நீங்களும் மட்டும் வந்தால் போதும். அண்ணாவையும் தம்பியையும் உட்துறைமுக வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருத்திவிட்டு வாருங்கள்.