கேள்வி - பதில்: டார்சியும் பத்தாயிரம் பவுண்டும்

முறைத்துக்கொண்டே இருக்கும் பணக்காரப் பையன், வாயாடிப் பெண், கடைசியில் கல்யாணம். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? 1813-இல் வந்த கதையை இன்னும் ஏன் படமெடுக்கிறார்கள்?
- கல்லூரி மாணவி, திருச்சி

காதல் கதையாக மட்டும் படித்தால் உங்கள் சலிப்பு நியாயம்தான். நான் அதைச் சொத்துக் கதை என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கதாநாயகி எலிசபெத்தின் அப்பா பென்னட்டுக்கு வருஷ வருமானம் 2,000 பவுண்டு. ஐந்தும் பெண். ஆண் வாரிசு இல்லாததால், அவர் கண்ணை மூடினால் வீடு, நிலம் எல்லாம் காலின்ஸ் என்கிற தூரத்துச் சொந்தக்காரனுக்குப் போய்விடும். மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று அலைகிற பென்னட் அம்மாளைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அந்த வீட்டில் நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்று கவலைப்படுகிறவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் காலின்ஸே எலிசபெத்தைப் பெண் கேட்கிறான். முடியாது என்கிறாள். அப்புறம் வருஷத்துக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சி கேட்கிறான். அவனுக்கும் அதே பதில். 34-ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். உன்மேல் உயிராக இருக்கிறேன் என்று சொல்ல வந்தவன், உன் குடும்பத்தோடு சம்பந்தம் வைப்பது எனக்கு எவ்வளவு இழுக்கு என்பதையும் விலாவாரியாகச் சொல்கிறான்! வாங்கிக் கட்டிக்கொண்டு போனவன் மறுநாள் காலையில் ஒரு நீண்ட கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறான். அவள் அதை முதலில் கோபத்தோடு படிக்கிறாள். மடித்து வைக்கிறாள். அரை நிமிஷம்கூட ஆகாது, மறுபடி பிரிக்கிறாள். ஆட்களை எடைபோடுவதில் தன்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்தவளுக்கு, வரிக்கு வரி உறைக்கிறது. எனக்கு நாவலே இந்த இடம்தான்.

கேமராவுக்கு இது ஒத்துவராத காட்சி. 1995 பிபிசி தொடரில் எல்லாருக்கும் நினைவிருப்பது, குளத்தில் குதித்து ஈரச் சட்டையோடு வரும் காலின் ஃபிர்த், டார்சியாக நடித்தவர். நாவலில் டார்சி குளத்தில் குதிப்பதே இல்லை.

எதை முதலில் பார்க்கலாம்?
- வாசகர், நாகர்கோவில்

ஆறு பகுதி பார்க்கப் பொறுமை இருந்தால் அந்த 1995 தொடர். ஒரு சாயங்காலம்தான் இருக்கிறதென்றால் கீரா நைட்லி நடித்த 2005 படம். 1940-இல் வந்த ஹாலிவுட் படத்தில், இந்தக் கல்யாணத்தைத் தடுக்கப் பார்க்கும் டார்சியின் உறவுக்காரி லேடி கேத்தரினைக் கடைசியில் நல்லவளாக்கிவிட்டார்கள். எனக்கு ஆறவே இல்லை.

இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதியவற்றில் தேறியது எது?
- இல்லத்தரசி, கோவை

‘பிரிட்ஜெட் ஜோன்ஸ்’ நாவலில் நாயகன் பெயரே மார்க் டார்சி. 2001-இல் படமானபோது அதே ஃபிர்த்தைப் பிடித்துப் போட்டார்கள். ரசித்துச் சிரிக்கலாம். ஆனால் பிரிட்ஜெட் சம்பாதிக்கிறவள், மாப்பிள்ளை அமையாவிட்டால் தெருவுக்கு வந்துவிட மாட்டாள். மூலக்கதையின் பயம் அங்கே இல்லை. இயக்குநர் குரிந்தர் சத்தா 2004-இல் எடுத்த படத்தில் கதையை அம்ரித்சருக்குக் கொண்டுபோனார். பெண்ணைப் பெற்ற கவலையும் வெளிநாட்டு மாப்பிள்ளை மோகமும் அங்கே நிஜம் என்பதால் கதை தானாக ஒட்டிக்கொண்டது. பாட்டுகள் கொஞ்சம் அதிகம்.

என் ஓட்டு ஜோ பேக்கரின் ‘லாங்பர்ன்’ நாவலுக்கு (2013). பென்னட் வீட்டு வேலைக்காரர்களின் கதை. காய்ச்சலில் கிடக்கும் அக்காவைப் பார்க்க எலிசபெத் சேற்றில் மூன்று மைல் நடந்து போவாளே, அதைப் படித்து எல்லாரும் கைதட்டினோம். இங்கே வேலைக்காரப் பெண் சாரா கை வெடிக்க அந்த உள்பாவாடைகளைத் துவைக்கிறாள். தானே துவைக்க வேண்டியிருந்தால் எலிசபெத் சேற்றைப் பார்த்து நடந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றுகிறது.

‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படமும் இந்த நாவல்தானா?
- வாசகர், மதுரை

இல்லை, அது ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி’ (1811). ராஜீவ் மேனன் 2000-இல் எடுத்தார். அதிலும் தாத்தாவின் உயிலால் பெண்கள் வீட்டை இழக்கிறார்கள். நாவலின் அக்கா எலினார், யார் வீட்டிலாவது இடம் கிடைக்குமா என்று காத்திருக்க வேண்டியவள். படத்தில் அக்காவாக வரும் தபு சென்னைக்கு வந்து வேலை தேடிப் புறப்பட்டுவிடுகிறார்.