பெற்ற தாயின் பெயரை மறைத்தால், பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: எனக்கு 27 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது சென்னையில் ஒரு தத்து நிறுவனத்திலிருந்து எடுத்து வளர்த்தார்கள். இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். பரம்பரை நோய் பற்றி டாக்டர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பெற்ற அம்மா தன் பெயரை வெளியிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அப்படியானால் எனக்கு எதுவுமே கிடைக்காதா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கிடைக்கும். அவர் சம்மதிக்காவிட்டால் பெயரும் முகவரியும்தான் கிடைக்காது. அவர் மறுத்தாலும், ஆளே அகப்படாவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் ஏன் ஒப்படைத்தார் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்கின்றன 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள்.

முதலில் வீட்டு பீரோவைப் பாருங்கள். குழந்தையைப் பற்றிய அறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் வளர்ப்புப் பெற்றோர் கையெழுத்திட்டு ஏற்பது நடைமுறை. அந்தப் பிரதிகள் அங்கே இருக்கலாம்.

பிறகு மனு. 18 வயது முடிந்தவர் தனியாகவே கேட்கலாம். அப்பா அம்மா கையெழுத்து வேண்டாம். உங்களைத் தத்துக் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். அது மூடப்பட்டிருந்தால் மாநிலத் தத்துவள மையத்துக்கோ டெல்லியிலுள்ள மத்தியத் தத்துவள ஆணையமான 'காரா'வுக்கோ எழுதலாம். தத்து உத்தரவின் நகலையும் அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். ஒப்படைத்த சூழ்நிலை, பெற்றவர் குடும்பத்தின் உடல்நலக் குறிப்புகள், தொடர்புக்கு அவர் சம்மதிக்கிறாரா என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 'பெற்றோர் விவரம் வேண்டும்' என்று ஒரே வரியில் கேட்டால் மொத்தத்தையும் ஒரே வரியில் மறுத்துவிடலாம்.

உறவினரையோ துப்பறியும் நிறுவனத்தையோ அனுப்பாதீர்கள். மூன்றாம் நபர் தேடுவதற்கு அனுமதி இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் அந்தரங்கத் தகவல் என்று பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள்.

கேள்வி: கல்யாணத்துக்கு முன் பிறந்த குழந்தையை 1999இல் ஒப்படைத்தேன். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. அந்தக் குழந்தை ஒருநாள் வாசலில் வந்து நிற்குமா?
– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. தத்துப் பிள்ளையின் உரிமை பெற்றவரின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்று விதியே சொல்கிறது. பெயரை மறைக்கும்படி ஒப்படைத்தபோது கேட்டிருந்தால், நிறுவனமோ குழந்தைகள் நலக் குழுவோ உங்கள் சம்மதம் பெற வேண்டும். ஆனால் விதி ஒப்படைத்த நேரத்தில் கேட்டதைத்தான் குறிப்பிடுகிறது. அப்போது எழுதிக் கொடுத்தீர்களா என்று நிறுவனத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் இப்போதே எழுதிக் கொடுத்து, கடிதம் கிடைத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். பழைய முகவரிக்குக் கடிதம் போனால்தான் வீட்டில் குழப்பம் வரும். உங்கள் கைபேசி எண்ணில் மட்டும் பேசச் சொல்லுங்கள்.

மரபணுப் பரிசோதனை செய்துகொண்ட தூரத்து உறவினர் வழியாகப் பிள்ளை உங்களைக் கண்டுபிடிப்பதை இந்த விதிகளால் தடுக்க முடியாது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்லாமலே நீங்கள் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் சர்க்கரை, இதயநோய், தலசீமியா எனும் பரம்பரை ரத்தநோய், மார்பகப் புற்றுநோய் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள்.